சுவரும் முறையும்: ஜிபெய்த் தீவின் கல்வேலிக் காட்சியகம்

ஆய்வுச் சுருக்கம்

தைவான் நீரிணையில் உள்ள பெங்ஹு தீவுக்கூட்டத்தில், கடலுக்குள் கல் அடுக்கி மீன்பிடிக்கும் வேலிகள் ஏறத்தாழ 600 உள்ளன. அவற்றுள் மிகுதியானவை ஜிபெய் என்னும் சிறு தீவைச் சூழ்ந்து கிடக்கின்றன. இத்தொழில் மரபுக்கென்றே அத்தீவில் ஒரு சிறு காட்சியகம் அமைந்துள்ளது. கல்வேலியின் இயக்கம், கட்டுமானம், பங்குரிமை ஆகியவற்றை விளக்கி, இவற்றுள் எவற்றை ஒரு காட்சியகத்தால் காக்க இயலும், எவை அதன் கைக்கு அப்பாற்பட்டவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கல்வேலி, பெங்ஹு, ஜிபெய், ஓதம், பங்குரிமை, முறைவைப்பு, ஊர்க் காட்சியகம்

முன்னுரை

அருங்காட்சியகம் என்றவுடன் நினைவுக்கு வருவது இடம்பெயர்க்கப்பட்ட பொருள். கோயிலிலிருந்து வந்த படிமம், வயலில் கிடைத்த நாணயம், வீட்டிலிருந்து பெற்ற பாத்திரம் என அங்குள்ளவை யாவும் தாம் இருந்த இடத்தை விட்டு வந்தவையே. இடம்பெயர்க்க இயலாத பொருளுக்கு ஒரு காட்சியகம் அமைத்தால் அது என்ன செய்யும் என்ற வினாவை ஜிபெய்த் தீவின் கல்வேலிக் காட்சியகம் எழுப்புகிறது. அதன் காட்சிப்பொருள் கட்டடத்திற்கு வெளியே, கடலுக்குள் கிடக்கிறது. நாளொன்றுக்கு இருமுறை நீரில் மூழ்கி இருமுறை வெளிப்படுகிறது.

பெங்ஹு 90 தீவுகளைக் கொண்ட கூட்டம். எரிமலைக் குழம்பு இறுகி உருவான கருங்கற்பாறையே அதன் அடித்தளம். அதன் வடபகுதியில், பாய்ஷா தீவிற்கும் அப்பால், மூன்று சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் பரப்புடையது ஜிபெய். கோடையில் அதன் வெண்மணல் திட்டைக் காணச் சுற்றுலாப் பயணிகள் திரள்கின்றனர். பாய்ஷாவின் சிகான் துறையிலிருந்து விரைபடகில் கால் மணி நேரத்தில் அங்குச் சேரலாம். வந்தவர்களுள் பெரும்பாலோர் மணலை மட்டுமே பார்த்துத் திரும்புகின்றனர். அதே தீவைச் சுற்றிலும் 80-க்கும் மேற்பட்ட கல்வேலிகள் உள்ளன. சில கணக்கெடுப்புகள் நூறு வரை சொல்கின்றன. ஒரே தீவில் இவ்வளவு நெருக்கமாக அமைந்த கல்வேலிகள் உலகில் அரிது.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு தேவை. இவ்வமைப்பைச் சீனத்தில் ‘ஷிஹு’ என்பர். ‘ஷி’ என்பது கல், ‘ஹு’ என்பது மீன்பிடி வேலி. ‘கல்லணை’ என்று தமிழாக்கினால் நம் மனம் காவிரிக்குச் சென்றுவிடும். மேலும், இது நீரைத் தேக்குவதன்று. நீரைப் போகவிட்டு மீனை நிறுத்துவது. எனவே ‘கல்வேலி’ என்ற சொல்லே இங்கு ஆளப்படுகிறது. வேலியின் இருபுறமும் நீளும் சுவர்களைச் ‘சிறகு’ என்று குறிப்பது பொருந்தும். யாழ்ப்பாணக் கடனீரேரியில், இருபுறமும் வேலிபோல் விரிந்து மீனை நடுக்கூட்டிற்குச் செலுத்தும் வலையைச் ‘சிறகுவலை’ என்றே மீனவர் வழங்குகின்றனர். அங்குக் கம்பும் வலையும் செய்யும் வேலையை இங்குக் கல் செய்கிறது.

கல்வேலி இயங்கும் முறை

கல்வேலியில் இயங்கும் உறுப்பு என்று ஒன்றும் இல்லை. இயங்குவது கடல் மட்டுமே. நீர் பெருகும்போது சுவர் முழுதும் மூழ்கிவிடும். மீன்கள் இரை தேடி அதன்மேலாகக் கரையை நோக்கி வரும். நீர் வற்றத் தொடங்கியதும் அவை ஆழத்தை நோக்கித் திரும்பும். அப்போது சுவர் குறுக்கிடுகிறது. தடையைக் கண்ட மீன் அதன்மேல் தாவ முயல்வது குறைவு. சுவரை ஒட்டியே நீந்தி வழி தேடும். சிறகுகள் வளைந்து நீண்டிருப்பதால் அந்தத் தேடல் அதனை ஆழமான ஒரு மூலைக்கே இட்டுச்செல்கிறது. கரைப்பக்கம் திரும்பி ஓடும் மீனுக்கும் வழியில்லை. சிறகின் நுனி உட்புறமாகக் கொக்கிபோல் மடக்கப்பட்டிருப்பதால் அது மீண்டும் உள்ளேயே திருப்பப்படுகிறது.

வளர்ச்சியடைந்த வேலிகளில் அந்த ஆழ்மூலையில் ஒரு வட்ட அறை உண்டு. அதன் வாயில் குறுகியது. புகுந்த மீன் வெளியேற வழியின்றிச் சுவரைச் சுற்றிச் சுற்றி வரும். நீர் மேலும் வற்றியபின், முழங்கால் அல்லது இடுப்பளவு நீரில் இறங்கிக் கைவலையால் மீனை அள்ளிக்கொள்ளலாம்.

அறையில்லாத வில்வடிவ வேலி, அறையுடைய வேலி, ஒன்றுக்கு மேற்பட்ட அறைகளைக் கொண்ட வேலி என்று ஆய்வாளர் இவற்றை வகைப்படுத்துவர். கரையை ஒட்டிய எளிய வில்வடிவமே பழையது என்றும், ஆழம் நோக்கி நகர நகர அறை சேர்ந்தது என்றும் கருதுவது வழக்கம். ஜிபெய்யின் வேலிகளை நோக்கும்போது இவ்வகைப்பாடு காலத்தை மட்டும் காட்டவில்லை. கடலடியின் சாய்வையும் காட்டுகிறது. கரையோரம் நீர் முற்றும் வற்றிவிடுமாதலால் அங்கு அறைக்குத் தேவையில்லை. ஆழத்தில் தாழ்ஓதத்தின்போதும் நீர் எஞ்சும். அந்த நீரில் மீனை ஒடுக்கிப் பிடிக்க அறை இன்றியமையாதது.

இத்தொழிலின் பருவம் கவனத்திற்குரியது. சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் பத்தாம் மாதங்களில் தொடங்கி, அடுத்த ஆண்டின் வேனில் வரை கல்வேலிக்குக் காலம். பெங்ஹுவில் அது வாடைக்காற்றின் பருவம். வடகிழக்கிலிருந்து வீசும் அந்தக் காற்று, மரங்களைத் தலைநிமிர விடாத அளவு கடுமையானது. மோட்டார் இல்லாத காலத்துச் சிறு படகுகள் அதில் கடலுக்குள் செல்ல முடிந்ததில்லை. படகு கரையில் கிடக்கும் மாதங்களில், கரையிலிருந்து நடந்து சென்றே மீன்பிடிக்க உதவியது கல்வேலி. குளிர்காலத்தில் கரையை நாடி வரும் மீன்கூட்டங்களும் அதே காலத்தில் வந்தன. கல்வேலியைப் படகு அறியாத மக்களின் தொல்பழங்கருவி என்று எண்ணுவது இதனால் பிழையாகிறது. படகும் வலையும் கைவரப் பெற்ற மக்கள், அவை பயன்படாத பருவத்திற்கென அமைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

கல் அடுக்கும் கலை

சுவருக்கு இருவகைக் கல் பயன்பட்டது. ஒன்று தீவின் கருங்கல். மற்றொன்று கடலடியிலிருந்து எடுக்கும் பவளக்கல். இராமநாதபுரக் கடற்கரையில் வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் ஒரு காலத்தில் பயன்பட்ட பவளக்கல்லை அறிந்தோர்க்கு இது புதிதன்று. பவளக்கல் எடை குறைந்தது, சொரசொரப்பானது, ஒன்றோடொன்று கவ்விக்கொள்வது. ஆனால் அலையின் வலிமையைத் தனித்துத் தாங்காது. எனவே சுவரின் இரு முகங்களிலும் மேற்பகுதியிலும் பெரிய கருங்கற்களை வைத்து, நடுவைப் பவளக்கல்லாலும் சிறு கற்களாலும் நிரப்பினர். சாந்து பூசப்படுவதில்லை. இடுக்குகளின் வழியே நீர் வடிய வேண்டும். இறுகப் பூசிய சுவரை அலை முழுதாகப் பெயர்த்துவிடும். சிறு மீன்களும் அந்த இடுக்குகளின் வழியே தப்பிச் செல்கின்றன. நாளடைவில் சிப்பிகளும் கொட்டலசுகளும் கற்களின் மேல் படிந்து இயற்கையான பூச்சாகிவிடுகின்றன.

வாடை ஓய்ந்து கடல் அமைதியுறும் மாதங்களே கட்டும் காலம். அந்நாட்களிலும் தாழ்ஓதத்தை ஒட்டிய இரண்டு மூன்று மணி நேரம் மட்டுமே சுவரருகே வேலை செய்ய முடியும். பெருங்கற்களை மிதவைகளிலும் படகுகளிலும் ஏற்றி, நீர் பெருகியிருக்கும்போது உரிய இடத்திற்குக் கொண்டு சென்று இறக்குவர். நீர் வற்றியபின் அடுக்குவர். ஒரு பெரிய வேலி முடியப் பல ஆண்டுகள் ஆகும். எந்தக் கல்லை எங்கு வைப்பது என்பதைவிட, எந்தப் பக்கத்தைக் கடலுக்குக் காட்டுவது என்பதே கைத்திறன். அலையை எதிர்கொள்ளும் முகம் சாய்வாகவும், உட்புறம் செங்குத்தாகவும் அமைவது பொதுவழக்கு.

இந்தக் கைத்திறன் கடலுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. பெங்ஹுவின் வயல்களில் காற்றைத் தடுக்கப் பவளக்கல் சுவர்கள் எழுப்பி, அவற்றின் நடுவே காய்கறியும் நிலக்கடலையும் பயிரிடுவர். சாந்தின்றிக் கல் அடுக்கும் அதே அறிவு நிலத்தில் காற்றையும் கடலில் மீனையும் நிறுத்தியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காத ஆய்வு, கல்வேலியைக் கடலோடு மட்டும் பிணைத்து அதன் உழவுத் தொடர்பை மறந்துவிடுகிறது.

பங்கும் முறையும்

ஒரு குடும்பத்தால் கட்ட முடியாதது கல்வேலி. உறவினரும் அண்டை வீட்டாரும் கூடி உழைப்பையும் பொருளையும் இட்டுக் கட்டினர், இட்டவர் பங்காளியானார். பங்கு தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. பிள்ளைகள் பலரானால் அரையும் காலுமாகப் பிரிந்தது. விற்கவும் வாங்கவும் பட்டது. சில ஊர்களில் கோயிலுக்குச் சொந்தமான வேலிகளும் உண்டு. அவற்றின் வருவாய் கோயிலைச் சேரும்.

பங்காளிகள் கூடி மீன்பிடித்துப் பகிர்ந்துகொள்வதில்லை என்பது இம்முறையின் தனிச்சிறப்பு. நாள்முறை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் நாளில் சிக்கியது அவரவர்க்கே என்று அமைத்தனர். பருவத்தின் தொடக்கத்தில் சீட்டெடுத்து வரிசை முடிவாகும். முறைக்காரர் வற்றின் நேரம் அறிந்து, பகலானாலும் இரவானாலும் வேலிக்குச் சென்று பார்த்துவர வேண்டும்.

தமிழகத்தில் பழவேற்காட்டு ஏரியின் ‘பாடு’ முறையை அறிந்தவர்க்கு இது அணுக்கமான செய்தி. அங்கும் நல்ல மீன்பிடி இடங்கள் சில, உரிமையுடையோர் பலர், இடமும் நாளும் சீட்டினாலும் சுழற்சியினாலும் பங்கிடப்பட்டன. இரண்டிற்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை. ஓரிடத்தில் நிலைத்து நின்று, நீரோட்டம் கொண்டுவருவதைப் பிடிக்கும் தொழிலில், இடத்தைப் பங்கிட முடியாதபோது காலத்தைப் பங்கிடுவதே வழி என்று இருவேறு கடற்கரை மக்கள் தனித்தனியே கண்டுள்ளனர்.

சீட்டு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சிறு கணக்கொன்று தெளிவாக்கும். உவா நாட்களை, அதாவது அமாவாசை பௌர்ணமியை, ஒட்டி நீர் மிகுதியாகப் பெருகி மிகுதியாக வற்றும். ஆழத்திலுள்ள வேலிகள் அந்நாட்களில்தான் நன்கு வெளிப்படும். இடைப்பட்ட நாட்களில் வற்று குறைவு. அறைக்குள் இறங்குவதே கடினம். இச்சுழற்சி ஏறத்தாழ 14.8 நாட்களுக்கு ஒருமுறை திரும்பும். ஒரு வேலிக்குப் பங்காளிகள் 15 பேர் எனக் கொண்டால், ஒருவருக்கு 15 நாட்களுக்கு ஒருமுறை முறை வரும். முதல் முறை வலுவற்ற ஓதத்தில் வாய்த்தவருக்கு அடுத்த முறையும் ஏறத்தாழ அதே ஓதந்தான். ஆறு மாதப் பருவம் முழுவதிலும் அவருடைய நாள் மூன்று நாள் அளவிற்குக்கூட நகராது. பங்காளிகள் 11 பேரானால் இச்சிக்கல் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஓதநிலை மாறிவிடும். ஆகவே பங்காளிகளின் எண்ணிக்கையே ஒருவருடைய ஓராண்டு வாழ்வை முடிவு செய்துவிடக்கூடும். ஆண்டுதோறும் புதிதாகச் சீட்டெடுக்கும் வழக்கம் அந்த அநீதியை ஓராண்டிற்குள் அடக்கிவிடுகிறது.

முறையோடு கடமையும் வந்தது. புயலில் கல் சரிந்தால் பங்காளிகள் கூடிச் செப்பனிட வேண்டும். நம் ஏரிகளின் குடிமராமத்தோடு இதை ஒப்பிடலாம். ஆனால் ஏரி சில ஆண்டு கவனிப்பாரின்றிக் கிடந்தாலும் ஏரியாகவே இருக்கும். கல்வேலி அப்படியன்று. சிறகில் ஒரு முழம் உடைந்தாலும் வற்றும் நீரோடு மீன் அவ்வழியே போய்விடும். எஞ்சிய நூற்றுக்கணக்கான மீட்டர் சுவரும் அந்நாளில் வெறும் கற்குவியலே.

ஆவணங்களில் கல்வேலி

17-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பெங்ஹு சிங் பேரரசின் ஆட்சிக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, கல்வேலிகள் வரிக்குரிய இனமாகத் தைவான் மாவட்டப் பதிவேடுகளில் இடம்பெற்றன. வரி விதிக்கத் தகுந்த வருவாய் அவற்றில் இருந்தது என்பது இதனால் பெறப்படும். 1895-இல் தைவானும் பெங்ஹுவும் ஜப்பானின் கைக்கு மாறின. 1910-களில் மீன்பிடி உரிமைகள் முறையாகப் பதிவு செய்யப்பட்டபோது, வேலியின் பெயர், இருப்பிடம், பங்காளிகளின் பெயர் ஆகியவை ஆவணமாயின. இன்று ஆய்வாளர்க்குக் கிடைக்கும் மிகச் செறிவான சான்று அதுவே. புதிய வேலிகள் பல கட்டப்பட்டதும் அக்காலத்திலேதான்.

வசேதா பல்கலைக்கழகத்தின் மானிடவியலாளர் நிஷிமுரா அசாஹிதாரோ கல்வேலியை மீன்பிடிக் கருவிகளுள் ‘வாழும் புதைபடிவம்’ என்று குறித்தார். ஜப்பானிய ஆய்வுலகில் அத்தொடர் பெரிதும் பரவியது. 2007-இல் தாவா மசாதாகா தொகுத்து வெளியிட்ட கல்வேலி பற்றிய நூலும் மிகத் தொன்மையான மீன்பிடி முறை என்றே இதைத் தலைப்பில் சுட்டுகிறது. தொன்மையை மறுப்பதற்கில்லை. எனினும், பதிவும் வரியும் விற்பனையும் உடையதாய், 20-ஆம் நூற்றாண்டிலும் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஒன்றைப் புதைபடிவம் என்பது அதன் வரலாற்றை மறைத்துவிடுகிறது. காட்சியகம் ஒன்று அத்தொடரைத் தன் வழிகாட்டியாகக் கொண்டால், பழமையான வடிவத்தைக் காட்டுவதோடு மனநிறைவு கொள்ளும்.

காட்சியகம் காட்டுவதும் காட்டாததும்

ஜிபெய்யின் கல்வேலிக் காட்சியகம் சிறியது. வேலியின் வகைகள், கட்டும் முறை, மீன்பிடிக் கருவிகள் ஆகியவற்றை மாதிரிகளாலும் படங்களாலும் அது விளக்குகிறது. பெங்ஹுவின் தலைநகரான மாகொங்கில் 2010-இல் திறக்கப்பட்ட வாழ்வியல் அருங்காட்சியகத்திலும் கல்வேலிக்கு இடம் உண்டு. அங்குக் கட்டடமும் வசதியும் பெரிது. ஆனால் அங்கே கல்வேலி, தீவு வாழ்வின் பல கூறுகளுள் ஒன்று. ஜிபெய்யில் அதுவே எல்லாம். மேலும், ஜிபெய்யில் மாதிரியைப் பார்த்தவர் வெளியே நடந்தால் உண்மையான வேலியைக் காணலாம்.

காணலாம் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. தாழ்ஓதம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். காட்சியகத்தின் வேலைநேரம் தள்ளிப்போவதில்லை. நண்பகலில் வரும் பயணி, ஒரு நாள் நீண்ட கருஞ்சுவர்களைப் பார்ப்பார். மற்றொரு நாள் வெற்றுக் கடலைப் பார்ப்பார். பயணிகள் திரளும் கோடை, வேலியில் மீன்பிடிக்கும் பருவமும் அன்று. வேலி வேலை செய்யும் மாதங்களில் வாடையின் கடுமையால் படகுப் போக்குவரத்தே சுருங்கிவிடுகிறது. ஆகவே காட்சியகத்திற்கு வருவோருள் மிகப் பெரும்பாலோர் கல்வேலியில் மீன்பிடிப்பதை ஒருபோதும் காணாதவர். இது காட்சியகத்தின் குறையன்று, பொருளின் இயல்பு.

மாதிரியால் வடிவத்தைக் காட்டலாம். சுவரின் குறுக்குவெட்டை, கல் அமைந்த விதத்தை, அறையின் வாயிலைக் காட்டலாம். கைவலையையும் கூடையையும் விளக்கையும் வைக்கலாம். ஆனால், சீட்டெடுத்த வரிசை, காற்பங்கு யாருடையது என்ற நினைவு, எந்தக் காற்றில் எந்த வேலிக்கு மீன் வரும் என்ற அறிவு, உடைந்த இடத்தைச் செப்பனிட யார் வரவேண்டும் என்ற கட்டுப்பாடு ஆகியவற்றிற்குக் கண்ணாடிப் பேழை இல்லை. கல்வேலியை வேலியாக வைத்திருப்பவை இவையே.

இந்த இடர்ப்பாட்டிற்குத் தெளிவான எடுத்துக்காட்டு பெங்ஹுவின் தென்கோடியில், சீமெய்த் தீவில் உள்ளது. அங்குள்ள ஒரு கல்வேலி, இரண்டு இதயங்கள் ஒன்றோடொன்று பொருந்தியதுபோல் அமைந்திருப்பதால் ‘இரட்டை இதயம்’ எனப் பெயர் பெற்றது. அருகிலுள்ள உயர்ந்த கரையிலிருந்து அதன் முழு வடிவமும் தெரியும். தைவானின் சுற்றுலாப் படங்களில் அது தவறாமல் இடம்பெறுகிறது. காதலர்க்குரிய இடமாகவும் புகழ்பெற்றுவிட்டது. புயலில் சிதைந்தால் பொதுநிதியில் செப்பனிடப்படுகிறது. அழகிய வடிவம் பெற்ற ஒரு வேலிக்குப் பழுதுபார்ப்பு உறுதி. வில்போல் வளைந்து கரையோரம் கிடக்கும், மேலிருந்து பார்க்க வாய்ப்பில்லாத பல நூறு வேலிகளுக்கு அந்த உறுதி இல்லை. இரட்டை இதயம் கல்வேலியை உலகறியச் செய்தது உண்மை. அறிந்தவர் நெஞ்சில் பதிந்ததோ இதய வடிவமேயன்றி மீன்பிடி அன்று.

வேலி சரிந்த காரணங்கள்

மோட்டார் படகு பரவியபின் வாடைக்காலம் முழுவதையும் கரையில் கழிக்கும் கட்டாயம் நீங்கியது. ஆழ்கடலில் பெருவலைகள் மீன்கூட்டங்களை வழியிலேயே மறித்தன. கரையை நாடி வருபவை குறைந்தன. இளையோர் வேலை தேடிக் காவ்ஷியுங் முதலிய நகரங்களுக்குச் சென்றனர். துறைமுகங்களும் அலைதாங்கிகளும் விரிந்தபோது சில வேலிகள் அவற்றின் அடியில் மறைந்தன. சிலவற்றின் நீரோட்டமே மாறிப்போயிற்று.

இக்காரணங்களுள் எது முதன்மையானது என்ற வாதம் ஆய்வாளரிடையே உண்டு. மீன் குறைந்ததே முதன்மை என்பது பொதுக்கருத்து. ஆயினும் பங்குரிமையின் தன்மையையும் உடன் நோக்க வேண்டும். ஒருவருடைய காற்பங்கு நான்கு மக்களுக்குப் பிரிந்து, அவர்களுள் மூவர் ஊரில் இல்லையெனில், அப்பங்கிற்குரிய பழுதுபார்ப்புக் கடமையை யார் செய்வது? மீன் நிறைந்த காலத்தில் ஊரில் இருப்பவர் தாமே முன்வந்து செய்வர். மீன் குறைந்தபின், பிறர் பங்கிற்கும் சேர்த்துக் கல் சுமக்க எவரும் விரும்பார். மீன் குறைவு தொடங்கிவைத்ததைப் பங்கின் சிதறல் முடித்துவைத்தது என்று கொள்வது பொருந்தும்.

மீட்கும் முயற்சிகள்

கல்வேலி பெங்ஹுவிற்கு மட்டும் உரியதன்று. ஜப்பானின் கியூஷு, ஒகினாவா, மைக்ரோனீசியாவின் யாப், பிரான்சின் அத்திலாந்திக் கரை எனப் பல இடங்களில் அது உண்டு. இவற்றின் அனுபவம் ஜிபெய்க்கும் பயன்படுவது.

ஒகினாவா மாகாணத்தின் இஷிகாகித் தீவில் உள்ள ஷிராஹோ, பவளத்திட்டுகளுக்குப் பெயர்பெற்ற ஊர். வழக்கொழிந்துபோன கல்வேலி ஒன்றை அவ்வூரார் 2006-இல் மீண்டும் கட்டினர். வருவாய் அவர்தம் நோக்கமன்று. ஊர்ப் பிள்ளைகள் கடலை அறிய ஓரிடம் வேண்டும் என்பதே. 2010-இல் பல நாட்டுக் கல்வேலி ஆர்வலர் அங்குக் கூடிய மாநாடும் நடைபெற்றது. மீன்பிடிக் கருவியாக இறந்தது பள்ளிக்கூடமாக உயிர்பெற்றதை அங்குக் காண்கிறோம்.

பிரான்சின் ரே தீவில் நிலை வேறு. நூற்றுக்கு மேல் இருந்த வேலிகளுள் பத்துப் பதினைந்தே இன்று எஞ்சியுள்ளன. ஆனால் அவற்றைப் பங்காளிக் குழுவினரே இன்றும் பேணி வருகின்றனர். முறை வைத்து மீன்பிடிக்கவும் செய்கின்றனர். எண்ணிக்கை சுருங்கினும் முறை தொடர்வதால், அங்கு வேலி உடைந்தால் செப்பனிட வேண்டியவர் யார் என்ற ஐயம் எழுவதில்லை.

நீரடிப் பண்பாட்டு மரபைக் காக்கும் யுனெஸ்கோவின் 2001-ஆம் ஆண்டு உடன்படிக்கை, 100 ஆண்டுகளாக நீருக்கடியில் இருப்பவற்றை, இடையிடையே மூழ்கி வெளிப்படுபவற்றையும் உட்படுத்தி, மரபெனக் கொள்கிறது. கல்வேலிக்கு அவ்வரையறை நன்கு பொருந்துகிறது. எனினும் தைவான் அந்நிறுவனத்தில் உறுப்பினரன்று. உலக மரபுச் சின்னமாகத் தகுந்தவை எனத் தைவான் தானே வகுத்துக்கொண்ட பட்டியலில் பெங்ஹு கல்வேலிகள் இடம்பெற்றிருந்தும், அவற்றை முறைப்படி முன்மொழிய அதற்கு வழியில்லை. தன் மரபைத் தானே காத்துக்கொள்ளும் கட்டாயம் இத்தீவுகளுக்கு அதனால் கூடுதலாகிறது.

அண்மைக் காலத்தில் பெங்ஹுவின் இளைஞர் சிலர் இப்பணியில் இறங்கியுள்ளனர். ‘ஐல் டிராவல்’ என்னும் அமைப்பு வேலிகளை ஒவ்வொன்றாகக் கண்டறிந்து, பெயரும் இடமும் கதையும் சேர்த்து இணையத்தில் தொகுத்து வருகிறது. கல் அடுக்கத் தெரிந்த முதியோரிடம் இளையோர் நேரடியாகத் தொழில் பயிலவும் ஏற்பாடு செய்துள்ளது. முதியவர் ஒருவர் கல்லைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்து வைக்கும் விதத்தை எழுத்தில் கொணர்வது அரிது; உடனிருந்து செய்தே கற்க வேண்டும். இந்த வகையில் இம்முயற்சி, காட்சியகம் நின்றுவிடும் இடத்திலிருந்து தொடங்குகிறது.

ஆயினும் பயிற்சி பெற்ற இளைஞர் பலர் பங்காளிகள் அல்லர். அவர்கள் செப்பனிடும் வேலியில் சிக்கும் மீன் யாருக்கு உரியது? செப்பனிட ஊதியம் தருவது அரசா, பங்காளியா? ஊதியத்திற்குச் செய்யும் பழுதுபார்ப்பு, நிதி உள்ளவரை நடக்கும். பங்கிற்குச் செய்யும் பழுதுபார்ப்பு, மீன் உள்ளவரை நடந்தது. ஷிராஹோவைப் போல் மூன்றாவது காரணம் ஒன்றை ஜிபெய் கண்டடையுமா என்பது இனிமேல்தான் தெரியவரும்.

காட்சியகம் செய்யத் தகுந்த பணி ஒன்று இங்குக் காத்திருக்கிறது. சரிந்த சுவரை, கல் அதே இடத்தில் கிடப்பதால், ஐம்பது ஆண்டு கழித்தும் அடுக்கிவிடலாம். எந்த வேலிக்கு எத்தனைப் பங்கு, அவை யார் யாரிடம் எப்படிப் பிரிந்தன, சீட்டு எந்நாளில் எடுக்கப்பட்டது, வராதவருக்கு என்ன தண்டம், வேலியின் பெயர் எதனால் வந்தது என்பனவற்றை அறிந்தவர் இன்று முதியவர்களே. 1910-களின் பதிவேட்டில் தொடங்கி இன்றுவரை வேலிதோறும் ஒரு பங்குவழி ஏடு எழுதப்படுமானால், அது மாதிரிகளைவிட அக்காட்சியகத்திற்கு உரிய பொருளாகும். அதற்குப் பெரிய கட்டடமோ பெருநிதியோ வேண்டியதில்லை. வாடைக்காலத்தில், பயணிகள் வாராத மாதங்களில், முதியவர்கள் வீட்டில் இருக்கும் நேரம் அறிந்து சென்று கேட்டு எழுத ஓரிருவர் போதும்.